ஏழு ஞாயிற்றுக்கிழமைப் படங்கள்

மார்ச் 4

இணையதள உரிமையாளர் அவர்களுக்கு,

வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை, அதனால் இப்படி.

உன் பெயருக்கு இந்த வீட்டு முகவரியில் ஓர் அட்டை வந்திருக்கிறது. நாலு பக்கமும் ஒட்டிய அட்டை, ஓரத்தைக் கிழித்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும். நான் கிழிக்கவில்லை. ஜனவரியிலிருந்து இது மூன்றாவது. முதல் இரண்டையும் ‘இங்கே இல்லை’ என்று மேலே எழுதித் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். மூன்றாவது வந்தபோது நான் கடையில் ஓர் அம்மாவுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். உன் அத்தான் வாங்கி வைத்துவிட்டார். சாப்பிட உட்கார்ந்ததும், “இங்க இல்லைன்னு எழுதி அனுப்புறியே, உன் தங்கச்சி எங்க இருக்கான்னு உனக்குத் தெரியாதா?” என்று கேட்டார். அவருக்கு எப்போதும் தப்பான நேரத்தில்தான் நல்ல கேள்வி வரும்.

அதனால் அனுப்புகிறேன். இதைச் சமாதானம் என்று நினைத்துக்கொள்ளாதே. அம்மா போய் ஒரு மாதம்கூட முடியவில்லை, அவள் முதுகுப் புண்ணைப் படம் போட்டு உலகத்துக்கே காட்டினாய். பட்டன் டீச்சரை உனக்கு நினைவிருக்கும், வருஷம் முழுவதும் பட்டன் வைக்க மட்டுமே கடைக்கு வருகிறவர். அவர்தான் போனை என் முன்னால் நீட்டி, “இந்த விரிப்பு நீங்க தச்சதுதானே? அப்போ இது உங்க அம்மாவா?” என்று கேட்டார். வாயில் இருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தேன். படத்தை எடு என்று உன்னிடம் சொன்னேன். நீ எடுக்கவில்லை. எடுக்காதவரை என்னோடு பேசாதே என்றேன். ஒரு வருஷம் நாலு மாதம் பேசவில்லை. நான் சொன்னதில் அந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகக் கேட்டாய்.

அத்தான் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

அக்கா

•

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

அட்டை வந்தது. உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு நின்று படித்தேன். நன்றி. நீ இதைப் போல இரண்டு பங்கு திட்டியிருந்தாலும் நன்றிதான் சொல்லியிருப்பேன்.

அது என்ன அட்டை என்று சொல்லிவிடுகிறேன். என் தளத்தின் ஓரங்களில் விளம்பரம் போடுகிற நிறுவனம் இந்த வருஷம் விதிகளை இறுக்கிவிட்டது. தளம் நடத்துகிறவர் நிஜமான ஆள்தான், நிஜமான முகவரியில்தான் இருக்கிறார் என்று நிரூபிக்க வேண்டுமாம். அதற்காக ஆறு இலக்க எண் ஒன்றை அட்டையில் அச்சடித்துத் தபாலில் அனுப்புகிறார்கள். கணக்கைத் தொடங்கியபோது நான் கொடுத்தது நம் வீட்டு முகவரி. அதை மாற்றப் போனால், பழைய முகவரிக்கு வந்த எண்ணைப் போடு, பிறகு மாற்றித் தருகிறேன் என்கிறது. மூன்று தடவைதான் அனுப்புவார்கள். நீ அனுப்பியது மூன்றாவது. கெடு முடிய ஆறு நாள் இருந்தது. அத்தானுக்கு என் சார்பில் நல்லதாக ஒரு காபி போட்டுக் கொடு.

நீ தளத்துக்குள் வந்து பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கானது அது. எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, ஆளை எழுப்பாமல் விரிப்பை எப்படி மாற்றுவது, புண் வராமல் எப்படிப் பார்ப்பது, வந்துவிட்டால் என்ன செய்வது. முதுகுவலியால் வார்டு வேலையை விட்ட பிறகு இதுதான் என் வேலை. தினமும் காலையில் பத்துப் பதினைந்து கேள்விகள் வந்து நிற்கும். எல்லாம் இரவில் சரியாகத் தூங்காதவர்கள் விடிந்ததும் எழுதுவது. பதினோரு மணிக்குள் பதில் போட்டுவிடுவேன். விளம்பரம் நின்றால் நான் வேறு வேலைக்குப் போக வேண்டும், காலையில் அவர்களுக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது. என் பயமெல்லாம் அது ஒன்றுதான்.

இன்னொன்றும் இருக்கிறது, எழுத வெட்கமாக இருக்கிறது. புது விதிகளில் இதுவும் ஒன்று: காயம், புண் எதன் படமும் தளத்தில் இருக்கக் கூடாது, மருத்துவத்துக்கு என்றாலும் கூடாது. ஒரு பக்கத்தில் இருந்தாலும் மொத்தத் தளத்துக்கும் விளம்பரம் நின்றுபோகும். பத்து நாள் கெடு கொடுத்தார்கள். ஒன்பதாம் நாள் அம்மாவின் ஏழு படங்களையும் எடுத்துவிட்டேன்.

நீ கேட்டு எடுக்காததை ஒரு விதி கேட்டதும் எடுத்தேன். இதை உன்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் நீ அட்டையை அனுப்பிய பிறகு எப்படிச் சொல்லாமல் இருப்பது?

உன் தங்கை

•

மார்ச் 15

ஒரே ஒரு வரிக்கு மட்டும் முதலில் பதில் சொல்கிறேன். கூடப் பிறந்தவள் தொண்டை கிழியக் கத்தினாள், நீ அசையவில்லை. முகம் தெரியாத யாரோ கெடு வைத்ததும் எடுத்துவிட்டாய். படித்ததும் கடிதத்தைக் கசக்கி வெட்டுத்துணிக் கூடையில் போட்டேன். அப்புறம் நானே எடுத்து இஸ்திரி போட்டேன். நிஜமாகவே இஸ்திரி போட்டேன், அத்தான் பார்த்துச் சிரித்தார்.

ஏழு படம் என்று எழுதியிருக்கிறாயே, அது என்ன? நான் பார்த்தது ஒன்றுதான். பட்டன் டீச்சர் காட்டினாரே, அந்தச் சிவந்து தோல் உரிந்த படம். அதற்கு மேல் பார்க்க எனக்குத் தெம்பில்லை, போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நேற்று மதியம் கடையில் கூட்டமில்லை. அத்தானின் போனில் உன் தளத்துக்குள் போனேன். அந்தப் பக்கத்தில் ஏழு சாம்பல் கட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கீழே ‘முதல் ஞாயிறு’, ‘இரண்டாம் ஞாயிறு’ என்று போட்டிருக்கிறாய், மேலே ஒன்றுமில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வரி: ‘நான் செவிலியர். ஆனால் இந்தப் புண்ணை ஆற்றியது நான் அல்ல, என் அக்கா.’

இதை எப்போது எழுதினாய்? நான் சண்டை போட்ட பிறகா, முன்பா?

ஏழாவது கட்டத்தில் என்ன இருந்தது?

அக்கா

•

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

முன்பே எழுதினேன். பக்கத்தைப் போட்ட அன்றே எழுதியது.

ஏழு படங்களையும் கடையில் கொடுத்து அச்சுப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் பஸ் பிடித்து வந்து அம்மாவைப் பார்ப்பேனே, அப்போது வார்டு டாக்டரிடம் காட்டுவதற்காக எடுத்தவை. முதல் படம் உனக்குத் தெரியும். அதைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் தாண்டிவிடு. மூன்றாவதில் ஓரங்கள் சுருங்க ஆரம்பித்திருக்கும். ஐந்தாவதில் நடுவில் புதுத் தோல். ஏழாவதில் ஒரு வெளுத்த தழும்பு, அவ்வளவுதான். பக்கத்தில் உன் கையும் விழுந்திருக்கிறது, ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டுகிற கவசத்தோடு. தைத்துக்கொண்டே எழுந்து வந்திருக்கிறாய்.

அக்கா, நான் உலகத்துக்குக் காட்டியது புண்ணை அல்ல, அது ஆறியதை. பெரிய ஆஸ்பத்திரியில்கூட அவ்வளவு சுத்தமாக ஆறி நான் பார்த்தது குறைவு. இரண்டு வருஷம் நீ அம்மாவைப் பார்த்துக்கொண்டாய். நான் வாரத்துக்கு ஒரு நாள் வந்து, இதைச் செய் அதைச் செய் என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனேன். உனக்கு நேரே நின்று நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் ஊரறியச் சொன்னேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை.

படம் இல்லாததால் எழுத்தாலேயே விளக்கப் பார்க்கிறேன், சரியாக வரவில்லை. ‘ஒருக்களித்து முப்பது பாகை’ என்று எழுதினால் ஒருவர், “பாகைன்னா எவ்வளவு தலையணை?” என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

உன் தங்கை

•

ஏப்ரல் 2

சின்னவளே,

படங்களை வெட்டுமேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். மூன்று நாள் அப்படியே இருந்தன. வந்தவர்களுக்குத் துணி வெட்ட இடமில்லை, அளவு மட்டும் எடுத்து அனுப்பினேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் புண் வருவதற்கு முன்பு, பத்து நாளில் முடிக்க வேண்டிய பள்ளிச் சீருடை ஆர்டர் ஒன்று எடுத்திருந்தேன், நினைவிருக்கிறதா? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அம்மாவைத் திருப்பிப் போட வேண்டும் என்று நீ படித்துப் படித்துச் சொல்லியிருந்தாய். பகலில் திருப்பினேன். ஆனால் அந்தப் பத்து நாளும் மெஷினை விட்டு எழுந்து படுத்தால் விடிந்துதான் கண் திறந்தேன். அலாரம் அடித்தது என்று அத்தான் சொன்னார். எனக்குக் கேட்கவே இல்லை. அம்மா கூப்பிட்டிருக்கவும் மாட்டாள், தூங்கட்டும் என்று விட்டிருப்பாள்.

டீச்சர் போனை நீட்டியபோது எனக்குத் தெரிந்தது அம்மாவின் முதுகு இல்லை, அந்தப் பத்து நாள். அம்மாவின் மானம் போச்சே என்று உன்னிடம் கத்தியதெல்லாம் என் மானத்துக்காகத்தான். இதை இன்றுவரை அத்தானிடம்கூடச் சொல்லவில்லை. ஏழாவது படத்தைப் பார்த்த பிறகுதான் எழுதக் கை வந்தது. அதை நீ எடுத்து வைத்திருந்ததற்கு நன்றி. ஆறியது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

சரி, அழுதது போதும். உன் விதியில் படம் கூடாது என்றுதானே இருக்கிறது, கோட்டுச் சித்திரம் கூடாது என்று இல்லையே? சட்டைக்கு மாதிரி வரைகிற தாளில் பதினொன்று வரைந்து அனுப்பியிருக்கிறேன். ஆள் எப்படிப் படுக்க வேண்டும், தலையணை எங்கே, விரிப்பை எந்தப் பக்கத்திலிருந்து சுருட்ட வேண்டும், எல்லாம். முப்பது பாகை என்றால் மடித்த தலையணை ஒன்று, மடிக்காதது ஒன்று. எழுதியிருக்கிறேன் பார். முகம் வரைய வராது, அதனால் எல்லாருக்கும் முகம் காலர் மாதிரி இருக்கும்.

உன் தளத்துக்கு என்னால் முடிந்த வேறொரு உதவியும் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறேன். என்ன என்று கேட்காதே.

அக்கா

•

ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பத்து நாள் எனக்குத் தெரியும். முதல் ஞாயிறே தெரிந்துவிட்டது. சுருட்டாத அளவு நாடாவோடு நீ சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கியதைப் பார்த்தேன். ஆறு பேர் மாறி மாறிப் பார்த்துக்கொண்ட வார்டில் இதைவிடப் பெரிய புண் வந்து பார்த்திருக்கிறேன். நீ ஒருத்தி. அன்றைக்கே இதைச் சொல்லியிருந்தால் இத்தனை நாள் நீ தனியாகச் சுமந்திருக்க வேண்டாம். என்னை மன்னித்துவிடு.

பதினொரு சித்திரமும் தளத்தில் ஏறிவிட்டன. ஒருவர் அவற்றைப் பெரிதாக அச்சடித்துக் கட்டிலுக்கு மேல் ஒட்டியிருக்கிறாராம். காலர் முகத்துக்கு ரசிகர்கள் உண்டு. அது பெண்ணா ஆணா என்று கேட்டார்கள், இரண்டும் என்று சொன்னேன்.

இப்போது ஒரு கஷ்டம். சென்ற வாரம் எல்லா விளம்பரத்தையும் நிறுத்திவிட்டார்கள். ‘இயல்புக்கு மாறான க்ளிக்குகள்’ என்று ஒரு வரி மட்டும் வந்தது. அதாவது, வாங்கும் எண்ணமில்லாமல் யாரோ விளம்பரங்களைத் திரும்பத் திரும்ப அமுக்கியிருக்கிறார்கள். தளம் நடத்துகிறவருக்குத் தெரிந்தவர்கள் அப்படிச் செய்தால் அது மோசடி என்பது விதி. முன்பு எச்சரிப்பார்கள், இந்த வருஷத்திலிருந்து எச்சரிக்கை கிடையாது. எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று என் பக்கத்திலும் பார்க்க முடியும். எல்லாம் ஒரே ஊர். காலை பத்து மணிக்குத் தொடங்கி, மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை ஓய்வு, பிறகு மாலை ஏழு மணி வரை. ஞாயிறு விடுமுறை.

அக்கா, அது உன் கடை நேரம்.

கோபமில்லை. சும்மா கேட்கிறேன்.

உன் தங்கை

•

ஏப்ரல் 20

சின்னவளே,

நான்தான்.

பட்டன் டீச்சர் சொன்னார்: “ஓரத்துல வர்ற விளம்பரத்தை அமுக்குனா போதும், உங்க தங்கச்சிக்குப் பணம் போய்ச் சேரும்.” இதைவிடச் சுலபமாக ஒருத்திக்கு நல்லது செய்ய முடியுமா என்று நினைத்தேன். பட்டன் துளைக்குக் காஜா எடுக்கும் நேரமெல்லாம் அமுக்கினேன். அளவு கொடுக்க வந்து காத்திருந்தவர்களையும் அமுக்கச் சொன்னேன். ‘எங்க அம்மாவுக்காக நடக்குற தளம்’ என்று சொல்வேன், அவர்களும் பக்தியோடு அமுக்குவார்கள். டிராக்டர் டயர், காது மிஷின், கப்பல் படிப்பு, எதையும் விடவில்லை. வெந்நீர் போடும் மிஷினுக்கு அத்தான் பெயரைக்கூடப் பதிந்துவிட்டேன், அவர்கள் தினம் இரண்டு தடவை கூப்பிடுகிறார்கள். அவருக்கு ஏன் என்று புரியவில்லை, இன்றுதான் சொன்னேன்.

நல்லது செய்கிறேன் என்று உன் அடிமடியிலேயே கை வைத்துவிட்டேன். காலையில் கேள்வி கேட்கிற அந்தப் பதினைந்து பேரை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

நிறுவனத்தாருக்கு ஒரு கடிதம் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன், அனுப்பு. ‘உங்கள் விளம்பரங்கள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன, ஆனால் எதையும் வாங்கும் உத்தேசம் எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை’ என்று பணிவாகவே எழுதியிருக்கிறேன். அது சரிப்படாவிட்டால் என்னைத் தெரியவே தெரியாது என்று சொல்லிவிடு. ஒரு வருஷம் நாலு மாதம் பேசாமல் இருந்தோம், அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சாட்சி சொல்வார்கள்.

அக்கா

•

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அனுப்பவில்லை. அந்தப் பணிவான வரி ஒன்று போதும், நம் இருவரையும் உள்ளே தள்ள. அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மேல்முறையீட்டுக்கு ஒரு படிவம் இருந்தது. உன்னைத் தெரியாது என்று எழுதியிருந்தால் தப்பித்திருக்கலாமோ என்னவோ. கை வரவில்லை அக்கா. ‘யார் செய்தது’ என்ற கேள்விக்குக் கீழே நாலு விடைகள்: பணியாளர், போட்டியாளர், நண்பர், தெரியாது. அக்கா என்று ஒன்று இல்லை. நண்பர் என்று போட்டேன். போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ‘விளக்கம்’ என்ற கட்டத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினேன், எனக்கு நன்றி சொல்லத்தான் அவர் அமுக்கினார் என்று. நாலு மணி நேரத்தில் பதில் வந்தது. கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது, இனி விண்ணப்பிக்க வேண்டாம்.

அழுவேன் என்று நினைத்தேன், சிரிப்புதான் வந்தது. கப்பல் படிப்பு.

உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று கிளினிக்கில் கிடைத்திருக்கிறது. திங்கள், புதன், வெள்ளி காலைகளில். தளம் மூடாது, அதன் செலவுக்கு அது போதும். மற்ற நாள்களில் நான் பதில் போடுவேன். அந்த மூன்று காலைகளுக்குத்தான் ஆள் இல்லை. உன்னைக் கேட்கிறேன். எனக்குப் படிப்பு இருக்கிறது, ஆனால் இரண்டு வருஷம் ஒரே ஆளை விடாமல் பார்த்துக்கொண்டது நீதான். மருந்து பற்றிக் கேட்டால் எனக்குத் தள்ளிவிடு, மற்றதெல்லாம் உனக்கே தெரியும்.

இனி எந்த விதியும் நம்மைக் கட்டுப்படுத்தாது என்பதால் படங்களைத் திரும்பப் போடலாம். போட மாட்டேன். முன்பு உன்னைக் கேட்காமல் போட்டேன், அது தப்பு. நீ சொன்னால்தான் போடுவேன், சொல்லாவிட்டாலும் ஒன்றுமில்லை.

உன் தங்கை

•

மே 21

சின்னவளே,

படங்களைப் போடு. ஏழையும் போடு. ஏன் என்று சொல்கிறேன்.

திங்கட்கிழமை அத்தானின் மடிக்கணினியை வெட்டுமேசையில் வைத்து உட்கார்ந்தேன். ஒரு விரலால்தான் தட்ட வருகிறது. ஒன்பது கேள்வி, ஒன்பதும் முடிக்க மதியம் ஆகிவிட்டது, வந்தவர்களை நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பினேன். ஒன்று மருந்துக் கேள்வி, உனக்குத் தள்ளிவிட்டேன்.

இன்று காலை முதலில் நின்றது ஓர் ஆளின் கேள்வி. மனைவி பத்து மாதமாகப் படுக்கையில். இவர் ஒருவர்தான் பார்த்துக்கொள்கிறார். ‘இரண்டு நாள் அசதியில் தூங்கிவிட்டேன், திருப்பவில்லை. காலையில் பார்த்தால் இடுப்புக்குக் கீழே சிவந்திருக்கிறது. அவளைத் தொடவே பயமாக இருக்கிறது. நானெல்லாம் ஒரு மனுஷனா?’ என்று எழுதியிருந்தார். கேள்வி என்று பார்த்தால் அந்தக் கடைசி வரிதான் கேள்வி.

உன்னிடம் தள்ளிவிடலாம் என்று பார்த்தேன். நீ கிளினிக்கில் இருப்பாய். நல்லவிதமாக ஆறுதல் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகலாம் என்றும் பார்த்தேன். வரவில்லை. கடைசியில் இப்படி எழுதினேன்:

‘ஐயா, நானும் தூங்கினேன். இரண்டு நாள் இல்லை, பத்து நாள். எங்கள் அம்மாவுக்குத் தோலே உரிந்துவிட்டது. ஏழு வாரத்தில் ஆறியது. முதலில் அவரை இடது பக்கம் திருப்புங்கள், முழங்கால்களுக்கு நடுவே தலையணை வையுங்கள், சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். அமுக்கினால் வெளுக்கிறதா என்று பாருங்கள், வெளுக்காவிட்டால் இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். எனக்கும் எழுதுங்கள். பன்னிரண்டு மணி வரை இங்கேதான் இருப்பேன்.’

ஊரறியச் சொல்லிவிட்டேன். பட்டன் டீச்சர் முதல் ஆளாகப் படித்திருப்பார், படிக்கட்டும். அத்தானிடம் நானே வாசித்துக் காட்டினேன். “அலாரத்தை நானாவது எழுந்து பார்த்திருக்கலாம்” என்றார். இத்தனை நாள் அவரும் ஒன்றை வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

வார முடிவுக்குள் படம் வரும் என்று அந்த ஆளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன், என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே. ஏழாவது படத்துக்குக் கீழே என்னைப் பற்றி எழுதியதை அப்படியே வை. முதல் படத்துக்குக் கீழேயும் ஒரு வரி வேண்டும்: ‘இது வந்தபோது அம்மாவைப் பார்த்துக்கொண்டவரும் என் அக்காதான்.’ இரண்டையும் ஒரே ஆள் செய்ய முடியும் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியட்டும். எனக்கே இப்போதுதான் தெரிகிறது, உன்னால்.

பதினொன்றரைக்கு அவரிடமிருந்து பதில் வந்தது. ‘வெளுக்குதும்மா. திருப்பிப் படுக்க வெச்சுட்டேன். இப்போ தூங்குறா.’

உன் அக்கா